சோலாருக்கு மானியம் உண்டு, மின்விசிறிக்கு இல்லை: உங்கள் வீட்டுக்கு எது முதலில்?

மொட்டை மாடியில் சோலார் போடுவதா, அல்லது அந்தப் பணத்தை வைத்து வீட்டின் மின்செலவையே குறைப்பதா? தமிழ்நாட்டில் சொந்த வீடு வைத்திருக்கும் பலரும் இப்போது இந்தக் கேள்வியோடு இருக்கிறார்கள். மத்திய அரசு 78,000 ரூபாய் வரை தருகிறது என்றதும் பேச்சு மானியத்திலிருந்தே தொடங்கிவிடுகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முதலில் உங்கள் ஈ.பி. கணக்கில் கடைசி ஆறு ரீடிங்கை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த வழி உங்களுக்குக் கட்டுப்படியாகும் என்பதை அந்த ஆறு எண்கள் சொல்லிவிடும். மானியம் அதற்கு அப்புறம்தான்.

சரி, அரசு என்னதான் தருகிறது? பிரதமர் சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீடு, ஒரு கோடி வீடுகள் இலக்கு, 2026-27 நிதியாண்டு வரை காலம். முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000. ஆக 1 கிலோவாட் போட்டால் 30,000, 2 போட்டால் 60,000, 3 போட்டால் 78,000. அதற்கு மேல் ஐந்து போட்டாலும் பத்து போட்டாலும் அதே 78,000தான். வருமான வரம்பு கிடையாது. சொந்தக் கூரையும் மின் இணைப்பும் இருக்க வேண்டும், இதற்கு முன் சோலாருக்கு மானியம் வாங்கியிருக்கக் கூடாது. 3 கிலோவாட் வரை பொதுத்துறை வங்கிகள் பிணை கேட்காமல், குறைந்த வட்டியில் கடனும் தருகின்றன.

திட்டத்தின் முழுப் பெயரில் இருக்கும் இலவச மின்சாரம் என்ற சொல்லும், மாதம் 300 யூனிட் என்ற விளம்பரமும் நிறையப் பேரைக் குழப்புகின்றன. யாரும் உங்கள் வீட்டுக்கு 300 யூனிட்டை இலவசமாக அனுப்பப் போவதில்லை. உங்கள் கூரையில் நீங்கள் பணம் போட்டு வைத்த பேனல் அந்த அளவுக்கு உற்பத்தி செய்யும் என்பதுதான் கணக்கு. நம் ஊர் வெயிலில் 1 கிலோவாட்டிலிருந்து ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் எதிர்பார்க்கலாம். இரண்டு மாத பில்லில் 240 யூனிட். ஐப்பசி, கார்த்திகை மழையில் இது நன்றாகக் குறையும், பங்குனி, சித்திரையில் கூடும். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழல் விழாத இடமும் வேண்டும்.

தமிழ்நாட்டு வீடுகளுக்கென்று தனியாக ஒரு கணக்கு இருக்கிறது. வேறு மாநிலங்களுக்காக எழுதப்பட்ட ஆலோசனைகளை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இங்கே இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தப் பயன்பாடு 500க்குள் இருந்தால் அடுத்த 100 யூனிட்டுக்கு 2.35 ரூபாய், அதற்கடுத்த 200க்கு 4.70, 401 முதல் 500 வரை 6.30. 2024 ஜூலை உயர்வுக்குப் பிறகு வீடுகள் கட்டும் விலை இது. 2025 ஜூலையில் மறுபடி உயர்ந்தபோது வீடுகளுக்கான உயர்வை மாநில அரசு ஏற்றுக்கொண்டது. 500ஐத் தாண்டினால் இரண்டு அடி சேர்ந்து விழும். கூடுதல் யூனிட்டுக்கு 8.40, 9.45, 10.50 என்று விலை ஏறும், அதோடு அந்த 2.35 ரூபாய்ச் சலுகையும் போய்விடும். 500 யூனிட்டுக்குப் பில் 1,805 ரூபாய். 510 யூனிட் ஆனால் 2,124. வெறும் பத்து யூனிட்டுக்கு 319 ரூபாய் கூடுகிறது.

அதாவது, மாநில அரசு குறைவாகச் செலவழிக்கும் வீட்டுக்கு மின்சாரத்தை மலிவாகத் தருகிறது. மத்திய அரசு எல்லா வீட்டுக்கும் ஒரே அளவில் சோலார் மானியம் தருகிறது. இரண்டும் உங்கள் பில்லில் சந்திக்கும்போது ஒன்று மற்றொன்றின் பலனைக் கொஞ்சம் தின்றுவிடுகிறது. 200 யூனிட் வீட்டுக்கு இரண்டு மாத பில்லே 235 ரூபாய்தான். அந்த வீட்டுக்கு எத்தனை ஆயிரம் மானியம் கொடுத்தாலும் சோலார் மிச்சப்படுத்த அங்கே எதுவும் இல்லை.

இனி வீடு வீடாகப் பார்ப்போம். சோலார் விலை ஊருக்கு ஊர், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். நான் மானியம் கழித்த பிறகு கையிலிருந்து போகும் தொகையை 1 கிலோவாட்டுக்குச் சுமார் 40,000, 2 கிலோவாட்டுக்கு 70,000, 3 கிலோவாட்டுக்கு ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்கிறேன். உங்களுக்குக் கிடைக்கும் விலையை இதே கணக்கில் போட்டுப் பாருங்கள். நெட் மீட்டருக்கான (பேனல் லைனுக்கு அனுப்பும் யூனிட்டை நீங்கள் எடுத்த யூனிட்டிலிருந்து கழிக்கும் மீட்டர்) சின்னச் சின்னக் கட்டணங்களை நான் சேர்க்கவில்லை.

இரண்டு மாதத்துக்கு 300 யூனிட்டைச் சுற்றி வரும் வீட்டுக்குப் பில் 705 ரூபாய். ஒரு கிலோவாட் போட்டால் பில் பூஜ்யமாகும், சந்தோஷம்தான். ஆனால் வருடத்துக்கு மிச்சம் 4,200 ரூபாய்தான். போட்ட பணம் திரும்ப ஒன்பது, பத்து வருடம் ஆகும். இடையில், பேனல் தரும் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் ஒருமுறை பழுதானாலே அந்தக் கணக்கும் கெட்டுவிடும். இந்த வீட்டுக்கு நான் சோலார் வேண்டாம் என்பேன். ஏ.சி. வாங்கும் எண்ணமோ, பெட்ரோல் வண்டியை விட்டு மின்சார ஸ்கூட்டருக்கு மாறும் எண்ணமோ இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

அடுத்து 600 யூனிட் வீடு. ஒரு ஏ.சி., நாலு மின்விசிறி, பிரிட்ஜ், மோட்டார் என்று நம் நடுத்தரக் குடும்பங்களில் ஏராளம் இந்த இடத்தில்தான் இருக்கின்றன. எனக்கு அதிகம் சொல்ல இருப்பதும் இவர்களிடம்தான்.

600 யூனிட்டுக்குப் பில் 2,880 ரூபாய். 2 கிலோவாட் சோலார் இரண்டு மாதத்துக்கு 480 யூனிட் தந்தால் மீதி 120க்குப் பில் 47 ரூபாய். மழை நாள், தூசி எல்லாம் கழித்து வருடத்துக்கு 15,000 ரூபாய் மிச்சம் என்று வையுங்கள். 70,000 ரூபாய் ஐந்து வருடத்துக்குள் திரும்பிவிடும். நல்ல முதலீடுதான், மறுக்கவில்லை.

ஆனால் அதே வீட்டில் மின்விசிறிகளை மட்டும் மாற்றினால் என்ன ஆகும்? பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும். இப்போது வரும் பி.எல்.டி.சி. வகை 30 வாட்டைச் சுற்றி இழுக்கும். நாலு விசிறி, ஒவ்வொன்றும் நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் சுமார் 130 யூனிட் குறையும். 600 யூனிட் 470 ஆகிறது. பில் 2,880லிருந்து 1,616க்கு இறங்குகிறது. ஒரு பில்லுக்கு 1,260 ரூபாய் மிச்சம். செலவு? விசிறி ஒன்று 3,000 என்றாலும் 12,000 ரூபாய். மார்கழியில் விசிறி குறைவாக ஓடும் என்று தள்ளுபடி கொடுத்தாலும் இரண்டு வருடத்துக்குள் பணம் திரும்பிவிடுகிறது. ஒரு ரூபாய் மானியம் இல்லாமல்.

இவ்வளவு மிச்சம் வருவதற்குக் காரணம் அந்த 500 யூனிட் வாசல்தான். குறைந்த 130 யூனிட்டில் 100 யூனிட் 8.40 ரூபாய் விலையிலிருந்து கழிகிறது, போன சலுகை திரும்பி வருகிறது. அதனால் 500க்கும் 650க்கும் இடையில் இருக்கும் யாராக இருந்தாலும், சோலார் கொட்டேஷன் வாங்குவதற்கு முன் மின்விசிறிக் கடைக்குப் போய் வாருங்கள் என்பேன். 2023 ஜனவரி முதல் மின்விசிறிகளுக்கும் ஸ்டார் முத்திரை கட்டாயம். வாட் எவ்வளவு என்பதைப் பெட்டியிலேயே பார்த்து வாங்கலாம்.

இன்னொன்றும் கவனியுங்கள். விசிறிகளை மாற்றி 470க்கு இறங்கிய பிறகு 2 கிலோவாட் சோலார் மிச்சப்படுத்துவது முன்பைவிடக் குறைவு. பில் முழுதும் போனாலும் வருடத்துக்கு 9,700 ரூபாய்தான், முதலைத் திருப்ப ஏழு வருடம் ஆகும். 1 கிலோவாட் மட்டும் போட்டால் 40,000 ரூபாய் திரும்ப ஆறு வருடத்தை ஒட்டி ஆகிறது. சோலார் விற்க வருபவர் இந்த வரிசையை உங்களிடம் சொல்லப் போவதில்லை. அவர் கடைசிப் பில்லைப் பார்த்து மூன்று கிலோவாட் எழுதுவார். வீட்டைச் சரிசெய்துவிட்டு அதன்பின் ஒரு வெயில் காலத்து ரீடிங் பார்த்து எழுதினால் பல வீடுகளுக்கு ஒன்றோ இரண்டோ போதும்.

1,000 யூனிட்டைத் தாண்டும் வீடுகளுக்கு இந்தத் தயக்கமெல்லாம் தேவையில்லை. 1,000 யூனிட்டுக்குப் பில் 6,870 ரூபாய். 3 கிலோவாட் போட்டு 280க்கு இறங்கினால் 611 ரூபாய். சோலார் முதலில் கழிப்பது 10.50 ரூபாய் யூனிட்டை, அடுத்து 9.45 ரூபாய் யூனிட்டை. போட்ட ஒரு லட்சம் மூன்று, நான்கு வருடத்தில் வந்துவிடும். இந்த வீட்டில் மின்விசிறியும் மாற்றலாம், சோலாரும் போடலாம், இரண்டும் வீண்போகாது. மூன்றுக்கு மேல் போடுவதா என்பதுதான் இங்கே கேள்வி. நாலாவது கிலோவாட்டுக்கு மானியம் இல்லை, முழு விலை. அது கழிக்கப் போவதும் மலிவான யூனிட்டுகளைத்தான். மூன்றோடு நிறுத்துவது நல்லது.

கூரையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மேல்தளத்தில் குடியிருப்பவர்களுக்குச் சித்திரை, வைகாசியில் ராத்திரி பத்து மணிக்கும் காங்கிரீட் அனலாக இறங்குவது தெரியும். ஏ.சி. அந்த அனலோடுதான் இரவெல்லாம் மல்லுக்கட்டுகிறது. முன்பு செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, மேலே தட்டோடு பதித்துத் தளம் முடிப்பார்கள். இன்று செலவைக் குறைக்க அதை விட்டுவிட்டு வெறும் சிமெண்ட் பூசி முடித்த வீடுகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. இதற்கு இருக்கும் வழிகளில் மலிவானது, கோடைக்கு முன்னால் சுண்ணாம்போடு பெவிகால் கலந்து இரண்டு கோட் அடிப்பது. சில ஆயிரத்தில் முடிந்துவிடும், வருடா வருடம் அடிக்க வேண்டும். வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பெயிண்ட் அதைவிட விலை கூடினாலும் சில வருடம் தாங்கும். வெள்ளைத் தட்டோடு பதிப்பது செலவு அதிகம், ஆனால் தளத்தில் நீர்க்கசிவு இருந்தால் அதையும் சேர்த்துச் சரிசெய்துகொள்ளலாம். எதைச் செய்தாலும் அறைக்குள் சூடு சில டிகிரி குறையும், ஏ.சி. ஓடும் நேரமும் குறையும்.

சோலார் பேனலும் கூரைக்கு நிழல் தருகிறது என்பது உண்மை. பேனலைத் தாங்கும் ஸ்ட்ரக்சரை உயர்த்தி, பேனல் நேராகப் படுக்கையறைக்கு மேலே வருமாறு அமைத்தால் இரண்டு பலன். பேனல் போடப் போகிறவர்கள் நீர்க்கசிவு வேலையையும் வெள்ளை அடிப்பதையும் அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். ஸ்ட்ரக்சரைப் பொருத்திய பிறகு கொத்தனார் அதன் கீழே நுழைந்து வேலை பார்ப்பது பெரும்பாடு.

இதற்கெல்லாம் அரசு ஊக்கத்தொகை எங்கே என்று கேட்டால், வீட்டுக்காரர் கைக்கு வருவது எதுவும் இல்லை. தெலங்கானா 2023ல் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது, நல்ல தொடக்கம். பிரிட்டனில் பழைய பாய்லரை எடுத்துவிட்டு வெப்பப் பம்பு வைக்க 7,500 பவுண்ட் தருகிறார்கள். அமெரிக்காவில் 2025 முடியும் வரை சுவர், கூரை, சன்னல்களை வெப்பம் புகாதபடி மாற்றியவர்களுக்கு வருமான வரியில் கழிவு இருந்தது. நம் நாட்டில் வீட்டுக்குத் தரும் பணம் மின்சாரம் உண்டாக்கும் பேனலோடு நின்றுவிடுகிறது. மின்சாரத்தின் தேவையையே குறைக்கும் கூரைப் பூச்சுக்கும் மின்விசிறிக்கும் அது வருவதில்லை. ஒரு சோலார் வீட்டுக்குப் போகும் 78,000 ரூபாயில் 3,000 ரூபாய் விசிறி 26 வாங்கலாம், ஆறு ஏழு குடும்பங்களின் பில் இறங்கும். பேனல் வைக்கச் சொந்தக் கூரை இல்லாதவர்களுக்கும், கையில் ஒரு லட்சம் இல்லாதவர்களுக்கும் அது போய்ச் சேரும். இதை நான் திட்டத்தின் மேல் உள்ள கோபத்தில் சொல்லவில்லை. சோலார் மானியம் இருக்கட்டும். பக்கத்திலேயே இதுவும் இருக்க வேண்டும்.

வரியில் மட்டும் கொஞ்சம் நிம்மதி உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் கருவிகளுக்கு ஜி.எஸ்.டி. 12லிருந்து 5 சதவீதம், ஏ.சி.க்கு 28லிருந்து 18. பழைய ஏ.சி.யை மாற்ற வேண்டிய நிலையில் இருப்பவர்கள் 5 ஸ்டார் இன்வெர்ட்டர் ஏ.சி.யையே பாருங்கள். முத்திரையில் வருடத்துக்கு எவ்வளவு யூனிட் என்று எழுதியிருக்கும், அது 1,600 மணி நேரத்துக்கான கணக்கு. ஸ்டாரைவிட அந்த எண்ணைப் பார்த்து ஒப்பிடுவது நல்லது, ஏனென்றால் ஸ்டார் அளவுகோல் சில வருடங்களுக்கு ஒருமுறை இறுகும். பழைய சரக்கில் இருக்கும் 5 ஸ்டாரும் இன்றைய 5 ஸ்டாரும் ஒன்றல்ல. ஓடிக்கொண்டிருக்கும் 3 ஸ்டார் ஏ.சி.யை ஸ்டாருக்காக மட்டும் தூக்கிப் போடுவது கட்டுப்படியாகாது.

சூரிய வெந்நீர்க் கலன் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வரி: அதற்கு முன்பிருந்த மத்திய மானியம் 2014லேயே நின்றுவிட்டது. நீலகிரி, கொடைக்கானல் பக்கம் இப்போதும் பயன்தான். சென்னையில் வருடத்தில் சில வாரத்துக்காக வைக்க வேண்டியதில்லை.

புதிதாக வீடு கட்டப் போகிறவர்கள் நிலை வேறு. அவர்களுக்குப் பெரிய உதவி பிரதமர் வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்ட நகர்ப்புறப் பிரிவில் இருக்கிறது. குடும்ப வருமானம் வருடம் 9 லட்சத்துக்குள், வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருந்தால் முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம். அதிகபட்சம் 1.80 லட்சம் ரூபாய், ஐந்து வருடத் தவணையாகக் கடன் கணக்கில் சேரும். இந்தியாவில் வேறு எங்கும் சொந்தமாகப் பக்கா வீடு இருக்கக் கூடாது. இது வீடு வாங்க, கட்டத் தரும் உதவி, மின்சிக்கனத்துக்குத் தருவதல்ல. ஆனாலும் வட்டியில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கை மேற்குச் சுவருக்கும் தளத்துக்கும் ஒதுக்கினால் முப்பது வருடத்துக்குப் பலன் உண்டு. எரிசக்தித் திறன் செயலகத்தின் ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித்தொகுப்பு 2018லேயே சுவரும் சன்னலும் உள்ளே விடும் வெப்பத்துக்குச் சதுர மீட்டருக்கு 15 வாட் என்று உச்சவரம்பு வைத்தது. தனி வீடு கட்டும் மேஸ்திரி யாரும் இந்தக் கணக்குப் போடப் போவதில்லை. நீங்கள் அவரிடம் கேட்க வேண்டியது நாலு விஷயம்: மேற்கே பெரிய சன்னல் வேண்டாம், எல்லா சன்னலுக்கும் போதிய அகலத்தில் சன்ஷேடு, மேற்குச் சுவருக்கு வெப்பம் கடத்தாத பிளாக், தளத்துக்கு முறையாகத் தட்டோடு. மாடியில் தண்ணீர்த் தொட்டியை வடக்குப் பக்கம் வைத்தால் பின்னால் பேனலுக்கு நிழல் விழாது. கட்டும்போதே ஒரு குழாயும் பூமிக்கம்பி இணைப்பும் மாடி வரை கொண்டுபோய் வைத்துவிட்டால் பிறகு சுவரை உடைக்க வேண்டாம்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குத் தனித்தனியாகப் பேனல் வைப்பது இடத்தகராறில்தான் முடியும். ஆனால் சங்கத்தின் பொது மீட்டருக்குப் போடுவது மிக நல்ல யோசனை. லிப்ட், தண்ணீர் மோட்டார், மாடிப்படி விளக்கு ஓடும் அந்த இணைப்புக்கு 100 யூனிட் இலவசம் கிடையாது. லிப்ட் உள்ள கட்டடங்களில் முதல் யூனிட்டிலிருந்தே 8 ரூபாய்க்கு மேல். சங்கங்களுக்கு மத்திய மானியம் கிலோவாட்டுக்கு 18,000. தனி வீட்டைவிடக் குறைவு, ஆனால் மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் விலை உயர்ந்தது என்பதால் கணக்கு சரியாகவே வரும். மொட்டை மாடி யாருடையது என்பதைப் பத்திரத்தில் பார்த்து, பொதுக்குழுவில் தீர்மானம் போட்டுவிட்டு இறங்குங்கள்.

பவர் கட்டுக்குச் சோலார் உதவும் என்று நினைத்துப் போடுகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். மானியத்தில் பெரும்பாலும் போடப்படும் அமைப்பு, லைனில் மின்சாரம் போனால் தானாக நின்றுவிடும். லைனில் வேலை பார்க்கும் ஊழியரின் உயிர்ப் பாதுகாப்புக்கு அது கட்டாயம். பேட்டரி வேண்டுமென்றால் தனிச் செலவு, அதற்கு மானியம் இல்லை.

சோலார்தான் என்று முடிவெடுத்தவர்கள் விண்ணப்பத்துக்கு முன் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். நம் ஊரில் பாதி வீடுகளில் அது இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கிறது. ஈ.பி. கணக்கு, விண்ணப்பம், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் ஒத்துப்போக வேண்டும். ஆகவே பெயர் மாற்றத்தை முடித்துவிட்டுச் சூர்ய கர் திட்டத்தின் தேசிய இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். அந்தத் தளத்தில் உள்ள, பதிவுபெற்ற நிறுவனத்திடம்தான் போட வேண்டும். கொட்டேஷனில் பேனல் இந்தியாவில் செய்த சோலார் செல்லைக் கொண்டது என்று எழுதி வாங்குங்கள். இறக்குமதி செல் மலிவாகக் கிடைக்கும், மானியம் கிடைக்காது. மானியம் முன்பணமாக வராது. பேனல் ஏறி, நெட் மீட்டர் பொருத்தி, ஆய்வு முடிந்து, இணையதளத்தில் சான்று வந்த பிறகுதான் உங்கள் கணக்குக்கு வரும். மானியத்தை நாங்களே கழித்துக்கொள்கிறோம் என்று யாராவது சொன்னால் யாருடைய கணக்குக்கு அது போகும் என்று எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தில் பத்துச் சதவீதமாவது நெட் மீட்டர் ஓடத் தொடங்கும் வரை கையில் வைத்துக்கொள்ளுங்கள். பேனலை ஏற்ற இரண்டு நாள் போதும், மீட்டர் வர வாரக்கணக்கில் ஆகலாம். அந்த வாரங்களில் ஈ.பி. அலுவலகத்துக்கு நடக்க வேண்டியது நிறுவனத்தின் ஆள்.